சட்டம் பெயரிடாத நோய்: கல்தூசி, இறுகும் உடல், குருத்தணு மாற்றுச் சிகிச்சை

கல்குவாரியில் இருபது ஆண்டுகளாக ஜல்லி உடைத்த பெண்ணொருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு நமது சட்ட உதவி முகாமுக்கு வந்தார். தம் நோயைப் பற்றிப் பேச அவர் வரவில்லை. நியாயவிலைக் கடைக் கருவியில் தம் விரல்ரேகை பதிவதில்லை, இரண்டு மாதமாக அரிசி கிடைக்கவில்லை என்பதே அவருடைய முறையீடு. அவர் விரல்களைப் பார்த்தோம். தோல் பளபளத்து, எலும்போடு ஒட்டி இறுகியிருந்தது. கையை முழுமையாக மூட இயலவில்லை. குளிர்ந்த நீரில் கை பட்டால் விரல்கள் வெளுத்துப் பின் நீலம் பாரிக்கும் என்றார். கல் உடைத்தால் கை காய்த்துத்தான் போகும் என்று ஊரார் சொன்னதை அவரும் நம்பியிருந்தார்.

அரிசிக்கான மனுவை எழுதிக் கொடுத்தோம். நோயின் பெயர் பல மாதங்கள் கழித்தே மருத்துவர்களிடமிருந்து தெரியவந்தது: ஸ்கிளிரோடெர்மா, அதாவது உடல் முழுதும் பரவக்கூடிய தோல் இறுக்க நோய். அதற்குள் அவருடைய நுரையீரலும் இறுகத் தொடங்கியிருந்தது. கல்லூரியில் படிக்கும் அவர் மகன் நம்மிடம் கேட்டார்: "இதற்கு ஸ்டெம் செல் சிகிச்சை இருக்கிறதாமே, உண்மையா? உண்மை என்றால் அம்மாவுக்கு அது கிடைக்குமா?"

கேள்வியின் முற்பாதி மருத்துவம் சார்ந்தது. பிற்பாதி சட்டமும் சாதியும் சார்ந்தது. இரண்டுக்கும் நாம் தேடிய விடையே இக்கட்டுரை.

உடல் தன்னையே தாக்கும்போது

நம் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு வெளியிலிருந்து வரும் கிருமிகளை அடையாளம் கண்டு அழிக்கிறது. சிலருக்கு அந்த அடையாளம் காணும் திறன் பிறழ்ந்து, சொந்தத் திசுக்களையே பகையெனக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. இவற்றைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்கிறோம். முடக்குவாதம், லூபஸ், நரம்புறையைச் சிதைக்கும் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகியவை இவ்வகையின. ஸ்கிளிரோடெர்மாவில் சிறு இரத்தக் குழாய்கள் சேதமடைகின்றன. கொலாஜன் என்னும் நார்ப்புரதம் அளவுக்கு மீறி உருவாகித் தோலில் படிகிறது. அதே படிவு நுரையீரல், இதயம், உணவுக்குழாய், சிறுநீரகம் ஆகியவற்றிலும் நிகழும்போது நோய் உயிரைப் பறிக்கிறது.

நோயின் தொடக்கத்தில் தோலின் நிறம் புள்ளிபுள்ளியாக வெளிறுவதும் உண்டு. கருநிறத் தோலில் இது நன்றாகத் தெரியும். அதனை வெண்புள்ளி என்றோ தொழுநோய் என்றோ பிழையாக எண்ணி ஒதுக்குவோரும் உளர். சேரியில் வாழும் ஒருவருக்கு இப்பிழை இரட்டைத் தீண்டாமையாகிறது. சரியான மருத்துவரை அடையும் காலமும் நீண்டுகொண்டே போகிறது.

கல்தூசியின் பங்கு

இந்நோய்க்கும் கல்தூசிக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1914இல் எடின்பரோ நகர மருத்துவர் பைரம் பிராம்வெல், தம்மிடம் வந்த ஸ்கிளிரோடெர்மா நோயாளிகளுள் கல்தச்சர்கள் பலர் இருப்பதைக் கண்டு எழுதினார். 1957இல் எராஸ்மஸ் என்னும் மருத்துவர், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடையே இந்நோய் மிகுந்திருப்பதைப் பதிவு செய்தார். சிலிக்கா தூசியும் ஸ்கிளிரோடெர்மாவும் சேர்ந்து வருவதை மருத்துவ நூல்கள் இன்றும் அவர் பெயராலேயே குறிக்கின்றன. முடக்குவாதமும் லூபஸும் கூடச் சிலிக்கா தூசியில் உழல்வோருக்கு மிகுதியாக வருவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

கல்லை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் நுரையீரலின் ஆழத்தை அடைகின்றன. அங்குள்ள காவல் அணுக்கள் அவற்றை விழுங்குகின்றன; ஆனால் செரிக்க இயலாமல் மடிகின்றன. மடியும் அணுக்களிலிருந்து மீண்டும் வெளிப்படும் துகள்களை வேறு அணுக்கள் விழுங்குகின்றன. ஓயாத இந்த அழற்சி, நோயெதிர்ப்பு அமைப்பை நிரந்தரக் கிளர்ச்சியில் வைத்திருக்கிறது. சிலருக்கு இது சிலிகோசிஸ் ஆகிறது. சிலருக்குத் தன்னுடல் தாக்கு நோயாகவும் திரும்புகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஸ்கிளிரோடெர்மா கண்டவர்களுள் பெரும்பாலோர் கல்குவாரியையே பார்த்திராதவர்கள். பெண்களுக்கே இது மிகுதியாக வருகிறது, மரபுக்கூறுகளுக்கும் பங்குண்டு. தூசி இந்நோயின் ஒரே காரணமன்று, நிறுவப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் அந்தக் காரணம் யாருடைய நுரையீரலில் படிகிறது என்பதில்தான் நமக்குரிய அரசியல் இருக்கிறது. பரிதாபாத் கல்குவாரிகளின் கொத்தடிமைத் தொழிலாளர் குறித்து உச்ச நீதிமன்றம் 1983இல் வழங்கிய பந்துவா முக்தி மோர்ச்சா தீர்ப்பைப் படிப்போருக்கு, குவாரிக்குள் இறக்கப்படுவோர் எச்சமூகங்களிலிருந்து வருகிறார்கள் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

சிகிச்சை எவ்வாறு நிகழ்கிறது

குருத்தணு என்பதே ஸ்டெம் செல். எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்களிலிருந்துதான் இரத்தத்தின் அனைத்து அணுக்களும், நோயெதிர்ப்பு அணுக்கள் உட்பட, பிறக்கின்றன. 1970களில் மருத்துவர்கள் ஒரு வியப்பான நிகழ்வைக் கண்டனர். இரத்த நோய்க்காக மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற சில முடக்குவாத நோயாளிகளுக்கு மூட்டு நோயும் தணிந்தது. 1990களின் நடுவிலிருந்து, கடுமையான தன்னுடல் தாக்கு நோய்களுக்கென்றே இச்சிகிச்சை திட்டமிட்டு முயலப்பட்டது.

இந்நோய்களில் பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களே பயன்படுத்தப்படுகின்றன, கொடையாளர் தேவையில்லை. முதற்கட்டத்தில், மருந்தும் ஊசியும் செலுத்திக் குருத்தணுக்களை மஜ்ஜையிலிருந்து இரத்த ஓட்டத்துக்கு வரச் செய்கின்றனர். ஒரு கருவி இரத்தத்தை வெளியே எடுத்து, குருத்தணுக்களைப் பிரித்துக்கொண்டு, மீதத்தை உடலுக்கே திருப்பி அனுப்புகிறது. பிரித்தவை திரவ நைட்ரஜனில் உறைய வைக்கப்படுகின்றன.

இரண்டாம் கட்டம் கடுமையானது. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் மிக உயர்ந்த அளவில் செலுத்தப்பட்டு, பிறழ்ந்த நோயெதிர்ப்பு அமைப்பு ஏறத்தாழத் துடைத்தழிக்கப்படுகிறது. சில முறைகளில் கதிர்வீச்சும் சேர்க்கப்படுகிறது. மூன்றாவதாக, உறைய வைத்த குருத்தணுக்கள் இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பு வழியாகச் செலுத்தப்படுகின்றன. அறுவை எதுவும் இல்லை. அடுத்த இரு வாரங்கள் அளவில் நோயாளியின் உடலில் வெள்ளையணுக்கள் அநேகமாக இல்லாத நிலை. தூய்மைப்படுத்தப்பட்ட காற்றுள்ள தனியறை, கிருமிக்கொல்லி மருந்துகள், தட்டணு ஏற்றுதல் ஆகியவை அந்நாள்களில் உயிர் காப்பவை. பின்னர் புதிய அணுக்கள் முளைக்கின்றன. நோயெதிர்ப்பு முழுமையாகத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். குழந்தைப் பருவத் தடுப்பூசிகளையும் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நோயைத் தணிப்பது பழைய அமைப்பை அழிக்கும் மருந்துதான். அந்த அழிவிலிருந்து உடலை மீட்பதும், பழைய பிழையைச் சுமக்காத புதிய அணுக்களைத் தோற்றுவிப்பதும் குருத்தணுக்களின் வேலை. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் நோய் தீரும்" என்ற விளம்பரம் இந்த அடிப்படையையே மறைக்கிறது.

சான்றுகள் சொல்வது

ஐரோப்பாவில் நடந்த ஆஸ்டிஸ் ஆய்வின் முடிவுகள் 2014இல் வெளியாயின. கடுமையான ஸ்கிளிரோடெர்மா கண்ட 156 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். 79 பேர் மாற்றுச் சிகிச்சைப் பிரிவிலும், 77 பேர் மாதந்தோறும் சைக்ளோபாஸ்பமைடு பெறும் பிரிவிலும் இருந்தனர். முதல் ஆண்டிலேயே மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் 8 பேர் சிகிச்சையின் விளைவாகவே இறந்தனர். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, உயிர் பிழைத்தோரும் உறுப்பு செயலிழக்காதோரும் அப்பிரிவிலேயே மிகுதியாக இருந்தனர்.

அமெரிக்காவில் 75 பேரிடம் நடந்த ஸ்காட் ஆய்வு 2018இல் வெளியானது. உரிய சிகிச்சையைப் பெற்று முடித்தவர்களுள், 54 மாத முடிவில் பெரும் உறுப்புச் சிதைவின்றி உயிர்வாழ்ந்தோர் மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் 79 விழுக்காடு. மருந்துப் பிரிவில் 50 விழுக்காடு. சிகிச்சையால் நேர்ந்த இறப்பு 54 மாதங்களில் 3 விழுக்காடாகவும், 72 மாதங்களில் 6 விழுக்காடாகவும் இருந்தது. மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் 110 பேரிடம் நடந்து 2019இல் வெளியான மிஸ்ட் ஆய்வும் மாற்றுச் சிகிச்சைக்குச் சாதகமாகவே அமைந்தது. அதில் யாரும் இறக்கவில்லை. மாறாக, குடல் அழற்சி நோயான குரோன் நோயில் 45 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு தன் முதன்மை இலக்கை எட்டவில்லை, ஒருவர் உயிரிழந்தார்.

ஆகவே இது எல்லாத் தன்னுடல் தாக்கு நோய்க்கும் பொருந்தும் தீர்வாகாது. விரைந்து முற்றும் ஸ்கிளிரோடெர்மாவில், தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு இதனைக் கருதலாம் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு பரிந்துரைக்கிறது. பலருக்கு மைக்கோபீனோலேட் போன்ற மாத்திரைகளே போதுமானவை.

தேர்ந்தெடுப்பதில்தான் நம் மக்கள் விலக்கப்படுகின்றனர். இந்த ஆய்வுகள் நோய் தொடங்கிய முதல் நான்கைந்து ஆண்டுகளுக்குள் இருந்தவர்களையே சேர்த்துக்கொண்டன. இதயமோ நுரையீரலோ ஏற்கெனவே மிகவும் சிதைந்திருந்தால், சிகிச்சையே உயிரைப் பறித்துவிடும். கை காய்த்துப்போனது என்று நம்பி ஆறாண்டு கழித்து வருபவருக்கு, பணம் இருந்தாலும் கதவு மூடப்பட்டுவிடுகிறது. நோயை முன்கூட்டிக் கண்டறிவதே இங்கு முதல் உரிமை.

பெயர் ஒன்று, பொருள் வேறு

இந்தியாவில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கியது. இத்தகைய மையங்களில் இரத்தவியல் வல்லுநரும் வாதநோய் வல்லுநரும் கூடிச் செய்யும் சிகிச்சையையே இதுவரை விளக்கினோம். "ஸ்டெம் செல்" என்ற பெயர்ப்பலகையுடன் கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த அணுக்களை ஊசியாகப் போட்டு லட்சக்கணக்கில் பணம் பெறும் இடங்கள் வேறு. இரத்த நோய் முதலானவற்றுக்கு ஏற்கப்பட்ட மஜ்ஜை வழிக் குருத்தணு மாற்று நீங்கலாக, பிற குருத்தணுப் பயன்பாடு அனைத்தும் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நிகழ வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல். குருத்தணுவிலிருந்து உருவாக்கப்படும் மருந்துப் பொருள், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி "புதிய மருந்து" ஆகும். ஆய்வு என்றால் அதற்கு நோயாளியிடம் பணம் கேட்பது ஏன் என்ற ஒரு கேள்வியே பல மோசடிகளைத் தடுக்கும். பொய் விளம்பரத்துக்கு எதிராக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையிடலாம். நிலத்தை விற்றுப் பணம் கட்டும் முன் இதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டது. அதன் இடத்தை எடுக்க இயற்றப்பட்ட 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்பட்டியல் மூன்றாம் அட்டவணையாகவே தொடர்கிறது. சிலிகோசிஸ் அதில் உண்டு, ஸ்கிளிரோடெர்மா இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு இழப்பீடு கோருபவர், வேலையின்போது நேர்ந்த குறிப்பிட்ட ஒரு விபத்துக் காயத்தால் நேரடியாக அந்நோய் வந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். இருபது ஆண்டுகள் மூச்சில் கலந்த தூசியை எந்த நாளின் விபத்தாகக் காட்டுவது?

எராஸ்மஸ் ஆராய்ந்த தென்னாப்பிரிக்காவைப் பார்ப்போம். அங்குச் சுரங்கத் தொழிலாளர் நோய்களுக்கான 1973ஆம் ஆண்டுச் சட்டம், உடல் முழுதும் பரவும் இந்தத் தோல் இறுக்க நோயை இழப்பீட்டுக்குரிய நோய்களுள் ஒன்றாகப் பெயர் சொல்லி ஏற்கிறது. அதே சட்டம் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் வெவ்வேறு இழப்பீடு வழங்கி வந்தது என்பதையும், அந்த நிறப் பாகுபாடு 1993ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீக்கப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. நோய்க்குச் சட்டத்தில் பெயர் கிடைப்பது முதற்படி. அப்பெயரின் பயன் அனைவர்க்கும் சமமாகக் கிடைக்கச் செய்வது அடுத்த போராட்டம்.

இந்தியச் சட்டத்திலும் நமக்குப் பிடிமானங்கள் உண்டு. 1995இல் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அவர்களுடைய மருத்துவப் பதிவேடுகளைப் பல்லாண்டுகள் பாதுகாக்கவும் ஆணையிட்டது. அரிய மரபு நோய் கண்ட ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளியின் மகனுக்காக 2014இல் வழங்கிய தீர்ப்பில், செலவு மிகுதி என்பதற்காக ஏழைக் குழந்தையின் சிகிச்சையை அரசு மறுக்கலாகாது என்று தில்லி உயர் நீதிமன்றம் நிலைநாட்டியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸை நேரடியாகவே பட்டியலிடுகிறது. ஸ்கிளிரோடெர்மாவால் கை முடங்கியவர் இயக்கக் குறைபாட்டின்கீழ்ச் சான்று கோரலாம். அச்சட்டத்தின் 25ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டு, வசிப்பிடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவம் அளிக்கச் சொல்கிறது.

பணத்துக்கு வழியில்லை என்பதும் முழு உண்மையாகாது. கனிமச் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட 9பி பிரிவின்படி, சுரங்கங்களால் பாதிக்கப்பட்டோருக்கென மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைக்கப்பட்டுள்ளன. மருத்துவம் அந்நிதியின் முன்னுரிமைத் துறைகளுள் ஒன்று. கருங்கல், ஜல்லி போன்ற சிறு கனிமங்களுக்கும் இதற்கான விதி வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில் அண்ணல் அம்பேத்கர் 1943இல் தன்பாத் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நேரில் சென்றார். அடுத்த ஆண்டே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. பூமியைத் தோண்டி ஈட்டும் செல்வத்திலிருந்து, தோண்டுபவரின் உடல்நலத்துக்கு ஒரு பங்கு கட்டாயமாகச் சேர வேண்டும் என்ற கொள்கைக்கு இவ்வளவு வயதாகிறது.

கைநாட்டும் ஒப்புதலும்

உயிராபத்து உள்ள சிகிச்சையில் ஒப்புதல் என்பது வெறும் படிவம் ஆகிவிடக் கூடாது. சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்று வழிகள், மறுத்தால் நேர்வது ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று சமிரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இச்சிகிச்சையில் கருவுறும் திறன் அழியக்கூடும் என்பதையும், பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு உண்டு என்பதையும் முன்னரே சொல்லியாக வேண்டும். இளம் பெண்ணிடம் கேட்காமல் அவர் கணவரிடமோ தந்தையிடமோ கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது.

அறிவியலின் பெயரால் நம் மக்கள் பயன்படுத்தப்பட்ட வரலாறு பழங்கதையன்று. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமியர் உட்படப் பலருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி செலுத்தப்பட்டது. ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, மருத்துவ ஆய்வில் பங்கேற்போருக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெறும் உரிமை உண்டு. ஆய்வில் சேர்ப்பதாக யாரேனும் அழைத்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் நோயாளிக்கான தகவல் தாளைத் தமிழிலும் கேட்டுப் பெறுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

குவாரிகளும் கிரஷர்களும் உள்ள ஊர்களில் பணிபுரியும் தோழர்கள், குளிரில் விரல் வெளுப்பது, விரல்தோல் இறுகுவது, மூச்சிரைப்பு ஆகிய மூன்றையும் கேட்டுப் பதிவு செய்யலாம். அறிகுறி உள்ளவர்களை அரசு மருத்துவக் கல்லூரியின் வாதநோய்ப் பிரிவுக்கு அனுப்பலாம். சுரங்க விதிகளின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்த வேண்டிய மருத்துவப் பரிசோதனையின் பதிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். பெயர் பதிவேட்டில் இல்லாத தொழிலாளிக்கு, லாரி நடைச் சீட்டும் முன்பணக் குறிப்பும் உடன் வேலை செய்தோரின் வாக்குமூலமும் சான்றாகும். அவற்றை இன்றே திரட்டி வையுங்கள். மாநிலக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்நோய்க்கான மாற்றுச் சிகிச்சையைக் கோரி விண்ணப்பித்து, மறுத்தால் காரணத்தை எழுத்தில் பெறுங்கள். எழுத்தில் உள்ள மறுப்புதான் நீதிமன்றத்தில் வழக்காகும். சிலிக்கா தூசியால் வரும் தன்னுடல் தாக்கு நோய்களை மூன்றாம் அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்பது நமது பொதுக் கோரிக்கையாகட்டும்.

அந்த மகனின் கேள்விக்குத் திரும்புவோம். சிகிச்சை உண்மை. அவர் தாய்க்கு அது கிடைக்கவில்லை. நுரையீரல் தாங்காது என்று மருத்துவர்கள் சொன்னார்கள், அது சரியான மருத்துவ முடிவுதான். அவர் இப்போது மாத்திரைகளால் வாழ்கிறார். நோய் தொடங்கியபோதே யாரேனும் அவர் விரல்களைப் பார்த்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். இழப்பீட்டு மனுவில் அவருடைய கைநாட்டு சரியாகப் பதியவில்லை. மூன்று முறை முயன்றோம். இறுதியில், ரேகை ஏன் பதியவில்லை என்பதையே மனுவின் முதற்பத்தியாக எழுதினோம். மகன் சாட்சியாகக் கையெழுத்திட்டார். அதே குவாரியில் விரல் வெளுக்கும் வேறு சிலரின் பெயர்களை அவர் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.